கவிஞர் கையெழுத்திட்ட முதல் பதிப்புகள்: சேகரிப்பா, பதுக்கலா?

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 9.10

இன்று செல்லூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் 11 புத்தகங்கள் எடுத்தேன். தராசில் வைத்துவிட்டு 140 ரூபாய் என்றார் கடைக்காரர். அவற்றில் பத்து, போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் சமையல் குறிப்புகளும். பதினோராவதின் மேல்தான் என் கண் இருக்கிறது என்று அவருக்குத் தெரியக்கூடாது. அதற்காகச் சேர்த்து எடுத்தவை அந்தப் பத்தும்.

பதினோராவது, கிரவுன் அளவில் 48 பக்கக் கவிதைத் தொகுப்பு. ஒற்றை வண்ண அட்டை. நடுவில் அடித்த இரண்டு பின்களும் துருவேறி, காப்பிக்கறை போலத் தாளில் இறங்கியிருக்கின்றன. உள்ளே 'முதற்பதிப்பு 1974, பிரதிகள் 500, விலை ரூ. 1.50, வெளியீடு: ஆசிரியரே' என்று இருக்கிறது. சிம்மக்கல் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த ஓர் அச்சகத்தில் அச்சாகியிருக்கிறது. தலைப்புப் பக்கத்தில் கவிஞர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: 'இவற்றை முதலில் காது கொடுத்துக் கேட்டவருக்கு.' கீழே பெயர், கையெழுத்து, தேதி. படம் இணைத்திருக்கிறேன்.

15 ஆண்டுகளாக எனக்கு இதே வேலை. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் கவிஞர்கள் கைக்காசு போட்டு வெளியிட்ட கவிதைப் புத்தகங்கள் மட்டும். முதல் பதிப்பு மட்டும். கையெழுத்து இருந்தால் மட்டும். இன்றையதோடு 146. இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "இதற்குப் பெயர் சேகரிப்பு இல்லை, பதுக்கல்" என்றார். நான் என்ன, பஞ்ச காலத்தில் அரிசி மூட்டையையா அடுக்கி வைத்திருக்கிறேன்? நீங்கள் சொல்லுங்கள்.

அரசரடி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.32

முதலில் அந்தப் படத்தை எடுங்கள். கவிஞர் யாருக்குக் கொடுத்தாரோ அவர் பெயர் பளிச்சென்று தெரிகிறது. செல்லூரில் எடைக்கு வந்திருக்கிறதென்றால் வீடும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். பெரியவர் போன பிறகு பிள்ளைகள் பரணை ஒழித்திருப்பார்கள். அவர்களை ஊர் பார்க்கத் தலைகுனிய வைக்க வேண்டுமா?

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 9.35

எடுத்துவிட்டேன். எனக்குத் தோன்றவே இல்லை. மன்னியுங்கள்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, இரவு 9.41

எடுப்பதற்கு முன் பார்த்துவிட்டேன். 4,000 தருகிறேன். தனிச்செய்தியில் வாருங்கள்.

அரசரடி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.05

பாருங்கள், 9.10-க்குப் போட்ட புத்தகத்துக்கு 9.41-க்கு விலை வந்துவிட்டது. அதில் உள்ள கவிதை ஒன்றையாவது இதுவரை யாரேனும் கேட்டோமா?

நானும் சொந்தமாகப் புத்தகம் போட்டவள்தான். 2009-இல், சீட்டு எடுத்த பணம் 22,000 ரூபாயில், 500 பிரதிகள். பிரஸ்ஸிலிருந்து ஆட்டோவில் 5 கட்டுகளாக வந்து இறங்கின. வெளியீட்டு விழாவில் 60 விற்றன. அதில் பாதி, என் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் என் முகத்துக்காக வாங்கியவை. அன்பளிப்பாகக் கொடுத்தது 200-க்கு மேல். மீதி கட்டிலடியில். வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கட்டுகளை வெளியே இழுப்பேன். ராமபாணம் தின்றதைத் தட்டிவிட்டு அந்துருண்டை போட்டு மறுபடி உள்ளே தள்ளுவேன்.

500 அடித்து, 30 மிஞ்சினால் அதை நீங்கள் 'அரிது' என்கிறீர்கள். மற்ற 470 எங்கே? கரையானுக்கும் தராசுக்கும் ஒழுகும் கூரைக்கும் போயிற்று. எங்களுக்கு அதன் பெயர் விற்காமல் போனது. அதே சங்கதிக்கு நீங்கள் வேறு பெயர் வைத்து விலையும் வைக்கிறீர்கள்.

வைகைக்கரையான் | ஞாயிறு, இரவு 10.48

டீச்சர், 470-ஐத் தின்றது நான் இல்லை. மிச்சம் 30-இல் ஒன்றைத் தராசிலிருந்து எடுத்தவன் நான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். விளம்பரப் பலகை எழுதிய கை. ஊர் ஊராகப் போய் மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதை எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது அதையும் பதுக்கல் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

நம் ஊர்க் கதையையே எடுங்கள். பாரதி சேதுபதி பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தது 1904-இல், சில மாதங்கள். அதே ஆண்டு இங்கிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில்தான் அவருடைய கவிதை முதன்முதலில் அச்சேறியது. இது நமக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் அந்த இதழை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்.

அரசரடி டீச்சர் | திங்கள், காலை 6.20

பாரதியைக் கூப்பிட்டுவிட்டீர்கள், எனக்கும் வசதியாயிற்று. 1920-இல் அவர் தம் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் போட, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டார். பணம் கேட்டு நண்பர்களுக்கு அறிக்கை அனுப்பினார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் விடச் சாதாரணமாகத் தம் புத்தகங்கள் விலைபோகும் என்று அதில் நம்பிக்கையாக எழுதினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு ஆளே இல்லை. 4 லட்சம் பிரதி வேண்டும் என்று ஏங்கியவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, 30 பிரதிதான் இருக்கிறது என்று நீங்கள் பூரிக்கிறீர்கள்.

ரோஜா முத்தையாவுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் நோட்டீசு, நாடகப் பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் எதையும் விடவில்லை. நீங்கள் 'கையெழுத்து இருந்தால் மட்டும்' என்கிறீர்கள். கையெழுத்து இல்லாத பிரதி அதே தராசில் கிடந்தால் எடுப்பீர்களா, மாட்டீர்களா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். பள்ளிக்குக் கிளம்ப வேண்டும்.

வைகைக்கரையான் | திங்கள், இரவு 8.15

ஒரு வார்த்தையில் முடியாது.

2016-இல் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் ஒரு புத்தகம் பார்த்தேன். பெரியகுளத்துக்காரர் ஒருவர் 1981-இல் சொந்தமாகப் போட்டது, 32 பக்கம். கையெழுத்து இல்லை. புரட்டிவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் புத்தகம் என் கண்ணில் படவே இல்லை. அந்தப் பெயரில் ஒரு புத்தகம் இருந்தது என்பதைச் சொல்ல இன்று என்னைத் தவிர ஆள் உண்டா என்றும் தெரியவில்லை. நீங்கள் கேட்டதிலிருந்து இன்று முழுக்க வேலை ஓடவில்லை.

ஆனாலும் கையெழுத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிப்பகம் போட்ட புத்தகம் என்றால் விற்பனைக் கணக்கு ஒன்று எங்காவது கிடக்கும். கவிஞர் தாமே போட்ட புத்தகத்துக்கு யார் கணக்கு வைத்தார்கள்? அந்த முதல் பக்கம்தான் கணக்கு. என்னிடம் இருக்கிற 146-இல் 9 புத்தகங்கள், வெவ்வேறு கவிஞர்கள், வெவ்வேறு ஆண்டுகள், ஒரே ஆளுக்குக் கொடுக்கப்பட்டவை. பேர் சொல்ல மாட்டேன், டீச்சர் திட்டுவார். தெற்குவாசல் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்பது மட்டும் ஒரு கையெழுத்துக் குறிப்பிலிருந்து தெரிகிறது. 1970-களில் மதுரையில் கவிதை எழுதியவர்கள் பேராசிரியருக்குக் கொடுத்தார்களோ இல்லையோ, அந்தச் சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இலக்கிய வரலாற்றில் இது இருக்கிறது?

அரசரடி டீச்சர் | திங்கள், இரவு 8.40

இது நல்ல பதில். முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்கலாம்.

சிலைமான் பொறியாளன் | திங்கள், இரவு 9.02

எதற்கு இவ்வளவு சண்டை? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது. காகிதம் உங்களுக்கு, கவிதை எல்லோருக்கும்.

வைகைக்கரையான் | திங்கள், இரவு 9.20

தம்பி, புத்தகம் என் வீட்டில் இருப்பதால் கவிதை என்னுடையது ஆகிவிடாது. கவிஞர் உயிரோடு இருக்கும்வரை உரிமை அவருடையது, மறைந்த பிறகு 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுடையது. 1974-இல் போட்ட கவிஞர் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். 17 பேரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். 11 பேர் சரி என்றார்கள். 4 பேர், "ஐயையோ, அதையெல்லாம் வெளியே எடுக்காதீர்கள், சின்னப் பையனாக இருந்தபோது எழுதியது" என்று பதறினார்கள். இரண்டு பேர், "என்னிடமே ஒரு பிரதியும் இல்லை, எனக்குத் தந்துவிடுங்கள்" என்றார்கள்.

சிலைமான் பொறியாளன் | திங்கள், இரவு 9.24

தந்தீர்களா?

வைகைக்கரையான் | திங்கள், இரவு 9.51

ஜெராக்ஸ் தந்தேன்.

அரசரடி டீச்சர் | திங்கள், இரவு 9.53

ஜெராக்ஸ்!

ஈயஎழுத்து | செவ்வாய், மாலை 5.30

வணக்கம். பேரன் தட்டச்சு செய்து தருகிறான். 1969-இல் 14 வயதில் மதுரையில் ஒரு பிரஸ்ஸில் அச்சுக்கோக்கச் சேர்ந்தவன் நான். நீங்கள் கவிஞரைப் பற்றிப் பேசுகிறீர்கள், வாங்கியவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நடுவில் ஒருவன் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தான், அவனையும் கொஞ்சம் கேளுங்கள்.

'முதல் பதிப்பு' என்ற சொல்லுக்கு இப்போது ஒரு பொருளும் கிடையாது. இன்றைக்கு 30 பிரதி வேண்டுமானால் 30, நாளைக்கு இன்னும் 10 வேண்டுமானால் 10. கணினியில் கோப்பு இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் வருகிறது. எங்கள் காலம் வேறு. எங்கள் பிரஸ்ஸில் 8 பக்கத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் கோக்க எழுத்து இல்லை. 8 பக்கம் கோப்போம். மெய்ப்பு எடுப்போம். கவிஞர் வந்து திருத்துவார். திருத்தும்போதே புதுக் கவிதை எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டால் முதலாளி பின்வாசலில் போய்விடுவார். பிறகு டிரெடில் அச்சு எந்திரத்தில் 500 தாள் ஓட்டுவோம். ஓட்டி முடித்ததும் அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் குழியில் போட வேண்டும். அப்புறம்தான் அடுத்த 8 பக்கம். கடைசிப் பக்கம் அச்சாகும் நேரத்தில் முதல் பக்கத்தின் ஈயம் வேறு எதற்கோ போயிருக்கும். ஒரு தடவை, காதல் கவிதையைப் பிரித்த அதே எழுத்தில் கருமாதிப் பத்திரிகை கோத்தேன்.

அதனால் மறுபதிப்பு என்றால் ஒவ்வோர் எழுத்தாக மறுபடி கோக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக் காசில் ஓடும் பிரஸ்ஸில் அதற்கு யார் பணம் கொடுப்பார்? வைகைக்கரையான் தம்பியிடம் இருப்பவற்றில் 1990-க்கு முந்தியவை பெரும்பாலும் முதல் பதிப்பு மட்டும் இல்லை, கடைசிப் பதிப்பும் அவைதான்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் புதுக்கவிதைக்காரர்களுக்கு வரிக்கு மூன்று ஆச்சரியக்குறி வேண்டும். குழியில் தீர்ந்துபோய், பையனைப் பக்கத்துத் தெருப் பிரஸ்ஸுக்கு அனுப்பிக் கைமாற்று வாங்கியிருக்கிறோம். அங்கேயும் ஒரு கவிஞர் உட்கார்ந்திருந்தால் போயிற்று, முற்றுப்புள்ளிதான்.

ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 7.45

ஐயா சொன்னது ஆவணம். இதைத்தான் நானும் வாங்குபவர்களிடம் சொல்கிறேன்.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. விலை வைப்பதை ஏன் பாவம் போலப் பேசுகிறீர்கள்? விலை இல்லாத எதையும் இந்த ஊரில் யாரும் காப்பாற்றுவதில்லை. எட்கர் ஆலன் போ 1827-இல் பாஸ்டனில் போட்ட முதல் கவிதைப் புத்தகம் 50 பிரதிகள் அச்சானதாகச் சொல்வார்கள். இன்று தெரிந்து இருப்பவை 12. 2009-இல் அதில் ஒன்று ஏலத்தில் 6,62,500 டாலருக்குப் போயிற்று. அந்த விலை இருப்பதால்தான் அந்தப் பன்னிரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

சேகரிப்பவர்களுக்காக: என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. மதுரை, 1971, கவிஞரின் சொந்த வெளியீடு, முதல் பதிப்பு, கையெழுத்துடன். தாள் நல்ல நிலை. 4,500 ரூபாய்.

அரசரடி டீச்சர் | செவ்வாய், இரவு 8.02

போ 40 வயதில் கையில் காசில்லாமல் செத்தார். அந்த 6,62,500 டாலரில் அவருக்கு எவ்வளவு? அப்புறம், அந்தப் புத்தகத்தில் கையெழுத்து கிடக்கட்டும், ஆசிரியர் பெயரே கிடையாது. 'பாஸ்டன்காரர் ஒருவர்' என்றுதான் அச்சிட்டார்கள். உங்கள் எடுத்துக்காட்டு உங்கள் சரக்குக்கே எதிர்ச்சாட்சி.

ஈயஎழுத்து | செவ்வாய், இரவு 8.30

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு. அந்த 1971 பிரதியைப் பற்றி மூன்று கேள்விகள்.

ஒன்று, அதில் 'லை', 'னை' எப்படி இருக்கின்றன? யானை துதிக்கையைத் தூக்கியது போல மேலே வளைந்த பழைய எழுத்தா, இப்போது எழுதுவது போல இணைக்கொம்பு தனியாக முன்னால் நிற்கிறதா? இரண்டு, ஒரு தாளைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படுகிறதா? மூன்று, வெளியீட்டு முகவரியை அச்சில் உள்ளபடியே இங்கே எழுதுங்கள். வீட்டு எண் வேண்டாம், கடைசி வரி போதும்.

ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 9.15

எழுத்து இப்போது உள்ளது போல. ஆனால் அதை வைத்துச் சந்தேகப்படக் கூடாது. பெரியார் 1935-இலேயே தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். இந்தக் கவிஞர் பகுத்தறிவு இயக்கத்துக்காரர். மேடு பெரிதாகத் தெரியவில்லை, தாள் வழவழப்பு. கடைசி வரி: மதுரை 625 001.

ஈயஎழுத்து | செவ்வாய், இரவு 9.40

எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில் என்றாலும், அதற்கு முன்பே புது எழுத்தை விரும்பிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அரசாணை வந்த பிறகும், புது எழுத்து வாங்கக் காசில்லாமல் பழைய யானையையே சில ஆண்டுகள் மேய்த்த பிரஸ்களும் உண்டு. அதனால் எழுத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் 625 001 என்பது அஞ்சல் குறியீட்டு எண். அது நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அதற்கு முன்னால் நாங்கள் கோத்தது 'மதுரை-1' என்று மட்டும். 1971-இல் அடித்த புத்தகத்தில் அந்த எண்ணை எந்தக் குழியிலிருந்து எடுத்திருப்பார்கள்? ஈய எழுத்தில் அடித்திருந்தால் இருக்க வேண்டிய மேடும் இல்லை என்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது பிற்காலத்தில் ஆஃப்செட்டில் மறுபடி அடித்து, பழைய ஆண்டை அப்படியே விட்டுவிட்ட பிரதி என்று நினைக்கிறேன். கவிஞரே அப்படிச் செய்திருக்கலாம். ஏமாற்ற வேண்டும் என்று செய்திருக்க மாட்டார்.

சிலைமான் பொறியாளன் | செவ்வாய், இரவு 9.44

கையெழுத்து எந்தப் பேனா? பளபளவென்று ஜெல் மை என்றால், அந்தப் பேனாவே 1984-இல் ஜப்பானில் வந்தது.

ஏட்டுச்சுவடி | புதன், காலை 7.10

அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன். நானும் நம்பித்தான் வாங்கினேன், 2,800 ரூபாய். ஐயாவுக்கு நன்றி.

அரசரடி டீச்சர் | புதன், இரவு 7.30

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெரிசலில், நடைபாதைக் கடை ஒன்றில் என் புத்தகத்தையே பார்த்தேன். 'அன்புத் தோழிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நான் கொடுத்த பிரதி. அன்புத் தோழி என் பள்ளிக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறார். கடைக்காரர் 20 சொன்னார். பேரம் பேசினேன். என் புத்தகத்துக்கு நானே பேரம் பேசி 10 ரூபாய்க்கு வாங்கினேன். பழகிய வாய் அல்லவா, விலை கேட்டால் குறைக்கத்தான் வருகிறது. மறுநாள் ஓய்வறையில் தோழி, "டீச்சர், அடுத்த தொகுப்பு எப்போது?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அந்தப் பிரதி என் பீரோவில் புடவைக்கடியில் இருக்கிறது.

ஏட்டுச்சுவடி | புதன், இரவு 7.38

தவறாக நினைக்காதீர்கள். இப்படிக் கதையோடு வரும் பிரதிக்குத்தான் மதிப்பு அதிகம்.

அரசரடி டீச்சர் | புதன், இரவு 7.39

தவறாகத்தான் நினைக்கிறேன்.

சிலைமான் பொறியாளன் | புதன், இரவு 8.10

விற்பவர் லாபத்தில் கவிஞருக்கு ஒரு பங்கு போகும்படி சட்டம் இருக்கக் கூடாதா?

வைகைக்கரையான் | புதன், இரவு 8.33

ஒன்று இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ பிரிவு. ஓவியம், சிற்பம், நூலாசிரியரின் மூலக் கையெழுத்துப் படி இவற்றை 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை செய்தால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ 10 விழுக்காடு வரை பங்கு உண்டு. ஆனால் அச்சிட்ட புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால் அது மூலப்படி ஆகிவிடாது. தவிர, நம் வட்டாரத்தில் 10,000-க்குப் போன கவிதைப் புத்தகத்தை நான் பார்த்ததே இல்லை.

அரசரடி டீச்சர் | புதன், இரவு 9.00

பங்கு வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். அந்த 146-க்கும் பட்டியல் எங்கே?

வைகைக்கரையான், நீங்கள் நல்ல மனிதர் என்று இந்த மூன்று நாளில் தெரிந்துவிட்டது. ஆனால் உங்களிடம் என்ன இருக்கிறது என்று உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பெரியகுளத்துக்காரர் புத்தகத்தைப் பற்றி வருந்தினீர்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் 146-க்கும் அதே கதிதான். உங்கள் பிள்ளைகளும் பரண் ஒழிப்பார்கள். செல்லூர் தராசு அப்படியேதான் இருக்கும். தலைப்பு, ஆண்டு, அச்சகம், பக்கம், எந்தத் தாலுகா என்று ஒரு பட்டியல் போட்டு வெளியிடுங்கள். படிக்க வருகிறவர்களுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் கதவைத் திறங்கள். இந்த இரண்டும் இல்லாதவரை உங்கள் நண்பர் சொன்ன வார்த்தையைத்தான் நானும் சொல்வேன்.

வைகைக்கரையான் | வியாழன், காலை 5.50

பட்டியல் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? மறுவாரமே விற்பனையாளர்கள் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். கவிஞரின் விதவை மனைவியிடம் போய் 50 ரூபாய்க்கு வாங்கி வந்து 5,000 சொல்வார்கள். (ஏட்டுச்சுவடி, உங்களைச் சொல்லவில்லை.)

நூலகத்துக்கும் கொடுத்துப் பார்த்தேன், எது என்று சொல்ல மாட்டேன். 6 புத்தகங்கள் கொடுத்தேன். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால், ஊதா முத்திரையைச் சரியாகக் கவிஞர் கையெழுத்தின் மேலேயே குத்தியிருந்தார்கள். பழைய அட்டையைக் கிழித்துவிட்டுக் கெட்டி அட்டை போட்டதில் ஓரத்தை வெட்டி, கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி பாதி போயிருந்தது. பைண்டிங் என்னவோ பிரமாதம்.

நீங்களும் ஒன்று சொல்லுங்கள், டீச்சர். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியிட்டவர் 30 நாட்களுக்குள் தம் செலவில் நாட்டில் 4 நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். நம் கன்னிமாராவும் அதில் ஒன்று. தவறினால் 50 ரூபாய் வரை அபராதமும் புத்தகத்தின் விலையும். 2009-இல் நீங்கள் அனுப்பினீர்களா?

அரசரடி டீச்சர் | வியாழன், மாலை 6.15

இல்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதே இப்போது உங்கள் வாயால்தான் தெரிகிறது. கட்டிலடியில் 200 பிரதியை வைத்துக்கொண்டு, அரசாங்கத்துக்கு 4 அனுப்பவில்லை. 50 ரூபாய் அபராதத்தை வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை தபால் ஆபீசுக்குப் போகிறேன். ஆனால் பட்டியலை விடமாட்டேன்.

ஈயஎழுத்து | வியாழன், இரவு 7.00

தம்பி, அச்சகங்களின் பெயரையும் போடு. அதில் 20 பிரஸ்ஸாவது இன்று இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். எந்தெந்தப் பிரஸ் எந்தத் தெருவில் இருந்தது என்று சொல்ல நான் இருக்கிறேன். இப்போது கேட்டால் சொல்வேன்.

வைகைக்கரையான் | வியாழன், இரவு 10.40

சரி. ஐயாவோடு உட்கார்ந்து செய்கிறேன். கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களும் முகவரியும் இல்லாமல், மற்றவை எல்லாம். முதல் தவணையாக 40 புத்தகங்கள், மாதக் கடைசிக்குள். கதவு திறப்பது பற்றி வீட்டில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

டீச்சர், உங்கள் புத்தகம் என்னிடம் இல்லை. ஒரு பிரதி வேண்டும். விலை சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அரசரடி டீச்சர் | வெள்ளி, காலை 6.10

விலை அட்டையில் இருக்கிறது, 60 ரூபாய். கழிவு கிடையாது. தபால் செலவு உங்களுடையது. கையெழுத்து போட மாட்டேன். 31-ஆம் பக்கத்துக் கவிதையைப் படித்துவிட்டு என்ன தோன்றியது என்று எழுதுங்கள். அப்புறம் பார்க்கலாம்.

வைகைக்கரையான் | அடுத்த வியாழன், இரவு 9.25

புத்தகம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். 31-ஆம் பக்கத்தில் அம்மா துணி எடுக்க மாடிக்கு ஓடும் கவிதை. 'கொடியில் மழை காய்கிறது' என்ற வரியில் நின்றுவிட்டேன். துணியை எடுத்த பிறகு வெறுங்கொடியில் தொங்கும் துளிகள் என்று பிடிபடவே ஒரு நிமிடம் ஆயிற்று. நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை; மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டினேன்.

அப்போதுதான் விளக்கடியில் கவனித்தேன். அச்சில் இருப்பது 'மலை காய்கிறது'. 'ல'-வை நீல மையில் அடித்துவிட்டு மேலே பொடியாக 'ழ' எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து போட மாட்டேன் என்றீர்களே, டீச்சர்? இது யார் கையெழுத்து?

அரசரடி டீச்சர் | அடுத்த வியாழன், இரவு 9.50

தட்டச்சு செய்த பையன் பண்ணிய வேலை. மெய்ப்பில் நானும் விட்டுவிட்டேன். விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி, நானும் என் பெரிய பெண்ணும் கூடத்தில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். அவளுக்கு அப்போது 9 வயது. அவள் போட்ட 'ழ' கொஞ்சம் குண்டாக இருக்கும். இரண்டு மணிக்கு அவள் தூங்கிவிட்டாள், எனக்கும் கை மரத்துவிட்டது. கடைசிக் கட்டை அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன்.

உங்களுக்கு வந்திருப்பது குண்டு 'ழ'-வா, ஒல்லி 'ழ'-வா?

வைகைக்கரையான் | அடுத்த வியாழன், இரவு 9.56

குண்டு.

ஏட்டுச்சுவடி | அடுத்த வியாழன், இரவு 10.03

டீச்சர், அந்தத் திருத்தாத கட்டு இன்னும் இருக்கிறதா? விலை பேசலாம்.